ஏழு எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஒரு ராக் இசை

முஷாயிராவும் கவ்வாலியும் காதுக்குப் பழகிய ஊர் வாணியம்பாடி. நுஸ்ரத் ஃபதே அலி கானின் பெயரை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர் 1985-இல் இங்கிலாந்தின் வோமாட் இசை விழாவில் பாடினார். அந்த விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் கேப்ரியல், பிறகு ரியல் வேர்ல்ட் என்ற இசை நிறுவனத்தையும் ஆரம்பித்து, 1989-இல் நுஸ்ரத்தின் ‘ஷாஹென்ஷா’ ஆல்பத்தை வெளியிட்டார். அதே ஆண்டு கேப்ரியல் இசையமைத்த ‘பேஷன்’ ஆல்பத்தில் நுஸ்ரத் பாடியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கரும் வாசித்திருக்கிறார்.

இந்த கேப்ரியல், 1975 வரை ஜெனசிஸ் குழுவின் பாடகர். புரோகிரசிவ் ராக் என்ற இசை வகையைக் கட்டி எழுப்பிய குழுக்களில் ஜெனசிஸும் ஒன்று. வாணியம்பாடிக்காரருக்கு அந்த இசை அப்படியொன்றும் தூரத்து உறவில்லை.

1960-களின் கடைசியில், ரேடியோவுக்காக மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ளும் பாட்டு போதாது என்று இங்கிலாந்து இளைஞர்கள் சிலர் நினைத்தார்கள். மேற்கத்திய செவ்வியல் இசையையும் ஜாஸையும் ராக்கோடு கலந்தார்கள். பாட்டின் நடுவே தாளம் மாறியது. ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடியது. 1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் வெளியிட்ட முதல் ஆல்பத்தைத்தான் இதன் பிறப்பாகப் பலரும் சொல்வார்கள்.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் மிரள்வது இந்த நீளத்தையும் தாளத்தையும் கண்டுதான். தமிழ்க் காதுக்கு அந்த பயம் வேண்டியதில்லை. ஒரு ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரம் போகும். கவ்வாலியில் ஒரே அடி எத்தனை முறை திரும்பினாலும் கூட்டம் அசையாது. இருபது நிமிடப் பாட்டுக்கு அஞ்சுவானேன்?

தொடங்க வேண்டிய இடம் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’. 1973-இல் வந்தது, 43 நிமிடம். அதில் ‘மணி’ என்ற பாட்டை முதலில் போடுங்கள். நாணயம் குலுங்கும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம் எல்லாம் ஒரு தாளக்கட்டில் சுழன்று வரும். குழுவில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ் அந்த ஒலிகளைப் பதிவு செய்து, நாடாவை அளந்து வெட்டி ஒட்டிச் செய்த வேலை அது. விரலால் எண்ணிப் பாருங்கள்: தகிட தகதிமி, ஏழு. மிஸ்ர சாபு கேட்டவர்களுக்கு இது பழகிய எண்ணிக்கை. சாக்ஸபோன் ஏழிலேயே வாசிக்கும். கிதார் தனியாகக் கிளம்பும்போது தாளம் நான்குக்கு மாறும். பிறகு மறுபடி ஏழு. அந்த மாறும் இடத்தை ஒருமுறை பிடித்துவிட்டால் இந்த இசையின் பாதி ரகசியம் கைவசமாகிவிடும்.

அடுத்து இங்கிலாந்துக்குப் போகாமல் பக்கத்திலேயே தேடுவது நல்லது. பெங்களூருவின் அகம் குழு கர்நாடக இசையையும் புரோகிரசிவ் ராக்கையும் ஒன்றாக வாசிக்கிறது. 2012-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா இருக்கிறது. ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பாடப் பாட, டிரம்ஸும் கிதாரும் ஜதியை விடாமல் பின்தொடரும். கொச்சியின் மதர்ஜேன் குழு 2008-இல் தந்த ‘மக்தூப்’ இன்னும் கனமானது. பைஜு தர்மஜனின் கிதாரில் கமகம் வழுக்கிக்கொண்டு போகும்.

வாணியம்பாடி அடங்கிய தோல் தொழில் வட்டாரத்துக்கே ஒரு சொந்தப் பெருமையும் உண்டு. கர்நாடக இசையைக் கிதாரில் வாசிக்கும் பிரசன்னா ராணிப்பேட்டையில் பிறந்தவர். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்து, பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு வணக்கமாக அவர் 2006-இல் வெளியிட்ட ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ கறாரான கணக்கில் புரோகிரசிவ் ராக் ஆகாது. ஆனாலும் இங்கிருந்து அங்கே போக இதைவிட நல்ல பாலம் இல்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு ஜெனசிஸின் ‘செல்லிங் இங்கிலாண்ட் பை த பவுண்ட்’ (1973). அதில் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாட்டில் டோனி பேங்க்ஸின் பியானோ முன்னுரையும், ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிதாரும் போதும், ஒருவரைக் கட்டிப்போட. அதன்பின் யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ (1972). தலைப்புப் பாட்டு மட்டும் 18 நிமிடத்துக்கு மேல். முதல் சில நிமிடம் ஒரே இரைச்சலாகத் தோன்றும். நடுவில் எல்லாம் அடங்கி, ஆர்கனும் குரலும் மட்டும் மிஞ்சும் பகுதி வரும்வரை பொறுக்க வேண்டும்.

இதே குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் படித்த ஓர் அடிக்குறிப்பிலிருந்து பிறந்தது. அந்தத் தொடர்பைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஆசை வரும். இரண்டு இசைத்தட்டுக்கு மொத்தமே நான்கு பாட்டுகள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எடுத்தவர்களில் பலர் இந்தப் பக்கமே திரும்புவதில்லை.

ஒரு வேண்டுகோள். போனில் பாட்டைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். இந்த ஆல்பங்களில் பாட்டுகளின் வரிசையும் இசையின் ஒரு பகுதிதான். வாணியம்பாடியில் ரயிலேறியதும் ‘டார்க் சைட்’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போட்டால், காட்பாடி வருவதற்குள் முழுசாகக் கேட்டுவிடலாம்.