கேமரா பார்க்கலாம், தண்டிக்கக் கூடாது

தீபாவளிக்கு முந்தைய வாரம் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால், கடைக்குக் கடை தலைக்கு மேல் சிசிடிவி கேமராக்கள். கூட்டத்தோடு கூட்டமாக வந்து, பொருளைப் பைக்குள் செருகிக்கொண்டு நழுவுகிறவர்களால் வணிகர்கள் படும் நட்டம் உண்மையானது. கடைக்குள் கேமரா வைப்பதில் தவறில்லை. ஆனால் அதில் தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒருவரை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைக் கடைக்காரரும் வாங்க வருபவரும் அறிந்திருக்க வேண்டும்.

கேமரா எவ்வளவு தடுக்கும்?

40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, கேமரா வைத்த இடங்களில் குற்றங்கள் சராசரியாகச் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. யாராவது திரையைக் கவனித்துக்கொண்டிருந்த இடங்களிலும், மற்றப் பாதுகாப்பு ஏற்பாடுகள் கூடவே இருந்த இடங்களிலும் பலன் அதிகம். அதாவது, கேமராவை மாட்டிவிட்டு மறந்துவிட்டால் திருட்டு நிற்காது. "என்ன பார்க்கிறீங்க அக்கா?" என்று அருகில் வந்து கேட்கும் விற்பனையாளர், வெளிச்சமான அலமாரி இடுக்குகள், வாசலில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்த திரை, "கேமரா கண்காணிப்பில் உள்ளது" என்ற தமிழ் அறிவிப்புப் பலகை: இவை கேமராவோடு சேரும்போதுதான் கை நீட்ட நினைப்பவர் தயங்குவார்.

எங்கே வைக்கவே கூடாது?

ட்ரையல் ரூம், கழிப்பறை, பாலூட்டும் அறை ஆகிய இடங்களில் கேமராவுக்கு இடமே இல்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணைப் படம் பிடிப்பது, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 77-ம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. ஆண், பெண் யாராக இருந்தாலும் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதோ பரப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் வரும். 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பதிவுகளுக்கும் காவல் வேண்டும். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால், இணையம் வழியாக வெளியாட்கள் உள்ளே பார்க்க முடியும். முதல் நாளே மாற்றுங்கள். பதிவைப் பார்க்க ஓரிருவருக்கு மட்டுமே அனுமதி கொடுங்கள்.

சந்தேகம் வந்தால்?

வாசலில் அலாரம் ஒலித்த மாத்திரத்தில் ஒருவர் திருடராகிவிட மாட்டார். பொருளில் மாட்டிய பாதுகாப்பு டேக்கை பில் கவுண்டரில் அகற்ற மறந்தாலும் அது ஒலிக்கும். முதலில் பில்லைக் கேட்டுச் சரிபார்ப்பதே முறை.

தன் கண்ணெதிரே பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் செய்பவரைப் பொதுமக்களில் எவரும் பிடிக்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-ம் பிரிவு. ஆனால் தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். நேற்றைய பதிவைப் பார்த்துவிட்டு இன்று ஒருவரை அறையில் அடைத்துவைக்க இந்தப் பிரிவு இடம் தரவில்லை. அடிப்பது, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவது, மிரட்டி 'அபராதம்' வசூலிப்பது எதற்கும் கடைக்கு உரிமை கிடையாது.

5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடித் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவைதான் தண்டனை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 303-ம் பிரிவு. சட்டமே இவ்வளவு நிதானம் காட்டும்போது, "இந்தப் பெண்ணைப் பார்த்தால் ஜாக்கிரதை" என்று வாட்ஸ்அப்பில் வீடியோவைச் சுற்றவிடுவது ஒரு குடும்பத்தின் மானத்தையே பறிக்கும் கொடுமை. அது அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடலாம். சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு தடை செய்கிறது.

உங்களைத் தடுத்து நிறுத்தினால்:

• பதறாமல் பில்லைக் காட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால், "போலீஸை வரச் சொல்லுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். அவசர எண் 112.

• உங்கள் சம்மதமின்றி உடலைச் சோதிக்கக் கடைக் காவலருக்கு அதிகாரமில்லை. காவல்துறையே ஆனாலும் பெண்ணைப் பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும்.

• எந்தத் தாளிலும் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கையெழுத்திடாதீர்கள்.

• நடந்த தேதி, நேரம், தளத்தைக் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பல கடைகளில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

• அடைத்துவைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 127-ம் பிரிவின்கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும், பிறகு மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம்.

• பொருள் வாங்கியவராக இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக வேண்டுமென்றால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். வெட்டி ஒட்டிப் பரப்பிய வீடியோ உங்கள் வழக்கையே பலவீனப்படுத்தும். பதிவை முழுதாகப் பாதுகாத்துக் காவல்துறையிடம் கொடுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை, தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை.