ஒரு வார்டில் காவல் நடக்கும் முறை

லண்டன் மாநகரக் காவல்துறை 2004 முதல் வார்டுதோறும் தனிக் குழு அமைக்கத் தொடங்கியது. ஒரு சார்ஜென்ட், இரண்டு காவலர்கள், மூன்று சமூகத் துணை அலுவலர்கள் என்பது தொடக்க அமைப்பு. காவலரின் தொப்பியில் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். துணை அலுவலரின் தொப்பியில் நீலப் பட்டை. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்தத் துணை அலுவலர்களுக்குக் காவலருக்குரிய கைது அதிகாரம் இல்லை. பிற்காலத்தில் குழுவில் ஆட்கள் குறைந்தார்கள். வேலையின் வரிசை மட்டும் மாறவில்லை.

முதல் படி, பிரச்சினையைக் கண்டறிதல். அவசரத்துக்கு 999, மற்றவற்றுக்கு 101 என இரண்டு எண்கள் உண்டு. இவற்றில் வரும் அழைப்புகள், வீடு வீடாகக் கேட்டறிந்தவை, கூட்டங்களில் சொல்லப்பட்டவை ஆகிய எல்லாம் ஒரே பட்டியலில் சேரும். வார்டு மக்கள் குழு அதைப் பார்த்து, முதலில் தீர்க்க வேண்டியவற்றைத் தேர்ந்தெடுக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மாடிப்படியில் வெளியாட்கள் இரவில் கூடிக் கூச்சலிடுகிறார்கள் என்ற புகார் அப்படித் தேர்வானதாகக் கொள்வோம்.

இரண்டாவது படி, ஆராய்தல். அழைப்புகளைக் கிழமைவாரியாகவும் மணிவாரியாகவும் பிரிக்கிறார்கள். இடம், பாதிக்கப்பட்டவர், தொல்லை கொடுப்பவர் என்ற மூன்று கோணங்களிலும் கேள்விகளை எழுதிக்கொள்கிறார்கள். பிறகு குடியிருப்போரையும் உள்ளாட்சி ஊழியரையும் உடன் அழைத்துக்கொண்டு, படிவமும் கையுமாக அந்த இடத்தைச் சுற்றி நடக்கிறார்கள். எரியாத விளக்கு, பார்வையை மறைக்கும் புதர், குவிந்த குப்பை ஒவ்வொன்றும் பதிவாகிறது. வாசற்கதவைத் திறந்து விட்டுப் பார்க்கிறார்கள். அது தானாக மூடி, பூட்டு விழ வேண்டும். இரண்டு விரற்கடை இடைவெளியில் நின்றுவிட்டால், வெளியாள் நுழைந்த வழி தெரிந்துவிடும்.

மூன்றாவது படி, நடவடிக்கை. கதவு, குடியிருப்பின் உரிமையாளரான நிறுவனத்தின் பொறுப்பு. விளக்கும் குப்பையும் யார் பொறுப்போ அவர்களுக்குச் செல்லும். தொல்லை தொடர்ந்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் எழுத்து மூலமான எச்சரிக்கை; அதையும் மீறினால் நோட்டீஸ். ரோந்துக்கும் அளவு உண்டு. கிறிஸ்டோபர் கோப்பர் 1995இல் வெளியிட்ட, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் பற்றிய ஆய்வின்படி, தொல்லை மிகுந்த இடத்தில் 10 முதல் 15 நிமிடம் நிற்பதே நல்ல பயன் தரும். அதற்கு மேல் நிற்பதால் கிடைக்கும் பலன் குறையும். ஆகவே புகார் மிகுந்த மணிகளில் வந்து, கால் மணி நேரம் நின்று, அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள்.

நான்காவது படி, மதிப்பிடுதல். அதே கிழமை, அதே மணிக்குரிய அழைப்புகளை மறுபடி எண்ணுகிறார்கள். தொல்லை பக்கத்துத் தெருவுக்கு இடம் மாறியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். முடிவை மக்கள் குழுவிடம் சொல்கிறார்கள். குறையவில்லை என்றால் கோப்பு இரண்டாவது படிக்குத் திரும்பும்.

நாம் தெருவில் பார்க்கும் ரோந்து, இந்த நான்கு படிகளில் மூன்றாவதன் ஒரு பகுதி மட்டுமே.