சுவர் இல்லாத கிருமி

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வறட்டு இருமல். காய்ச்சல் பெரிதாக இல்லை, ஓடியாடத்தான் செய்கிறது. மருந்துக்கடையில் அமாக்சிசிலின் வாங்கிக் கொடுத்து ஐந்து நாளாகியும் இருமல் அசையவில்லை. பின்கட்டில் நிற்கும் வெள்ளாட்டுக்கு மூக்கில் சளி, ஓயாத செருமல். கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்று, ஆனாலும் இரவில் கொர்கொர் என்று மூச்சு இழுக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு போன்ற ஊர்களில், வலையை நம்பிப் பிழைத்து, கைச்செலவுக்கு ஆடு கோழி வளர்க்கும் வீட்டில், இவை மூன்று தனிக் கவலைகள். மூன்றுக்கும் பின்னால் ஒரே குடும்பத்துக் கிருமிகள் இருக்கக்கூடும். அந்தக் குடும்பத்தின் பெயர் மைக்கோபிளாஸ்மா.

இவையும் பாக்டீரியாக்கள்தான். ஆனால் ஏறக்குறைய எல்லா பாக்டீரியாவுக்கும் உள்ள ஒன்று இவற்றுக்குக் கிடையாது: உடலைச் சுற்றிய கெட்டியான சுவர். மெல்லிய சவ்வு மட்டும் உண்டு. அந்தச் சவ்வுக்கு உறுதி தரும் கொலஸ்டிராலைக்கூடச் சொந்தமாகச் செய்துகொள்ளத் தெரியாது, தங்கியிருக்கும் உடலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பென்சிலின், அமாக்சிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளெல்லாம் பாக்டீரியா சுவர் எழுப்புவதைத் தடுத்துத்தான் அதைக் கொல்கின்றன. சுவரே எழுப்பாத கிருமியிடம் அவை என்ன செய்யும்?

சுவர் இல்லாததால் உடம்பு நெகிழும். அளவும் சிறிது, மிகச் சிறியவை 0.2, 0.3 மைக்ரான்தான். பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்த ஆய்வகங்களில் வைக்கும் 0.45 மைக்ரான் வடிகட்டியில், அகலக் கண் வலையில் இறால் குஞ்சு நழுவுவதுபோல், நழுவி மறுபக்கம் வந்துவிடும். இந்த நழுவல் விஞ்ஞானிகளை நெடுநாள் குழப்பியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைமுகாம்களில் ஒரு விநோத நிமோனியா பரவியது. சல்ஃபா மருந்துகள் கேட்கவில்லை, பென்சிலினும் கேட்கவில்லை. மன்ரோ ஈட்டன் 1944-இல் நோயாளிகளின் சளியிலிருந்து அதன் காரணியைப் பிரித்தார். வடிகட்டியைத் தாண்டியதால் வைரஸ் என்றே எண்ணினார்கள். 1962-இல் ராபர்ட் சானக்கும் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் அதை உயிரணு எதுவும் இல்லாத வெறும் ஊட்டக்கூழில் வளர்த்துக் காட்டிய பிறகுதான் அது வைரஸ் அல்ல என்பது உறுதியானது. இன்று அதன் பெயர் மைக்கோபிளாஸ்மா நிமோனியே.

இந்தக் கிருமியின் ஒரு முனை கூம்பி நீண்டிருக்கும். மூச்சுக்குழாயின் உட்பரப்பில் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள் உண்டு. கிருமி தன் முனையால் அந்த மயிருள்ள உயிரணுக்களைக் கவ்வி, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கசியவிடும். மயிர்கள் செயலிழந்துபோகும். அதனால்தான் வாரக்கணக்கில் விடாத இருமல். நோயாளி படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருப்பதால், வகுப்பறையிலும் வீட்டிலும் நோயை நன்றாகவே பரப்புவார். தொற்றி இரண்டு மூன்று வாரம் கழித்தே இருமல் தொடங்கும் என்பதால் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவும் முடியாது. 2023 இறுதியில் சீனாவில் குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததற்கு இந்தக் கிருமியும் ஒரு காரணம்.

அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவை இதற்குக் கேட்கும். அவை சுவரைத் தொடுவதில்லை, கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்துகின்றன. உடனே கடைக்குப் போய் அமாக்சிசிலினுக்குப் பதில் அசித்ரோமைசின் கேட்டு வாங்குவதுதான் நம் வழக்கம். அது இன்னும் மோசம். குழந்தைகளின் நிமோனியாவில் அமாக்சிசிலின் கேட்கும் வகைகள் நிறைய உண்டு. அசித்ரோமைசினைக் கண்டபடி பயன்படுத்திய நாடுகளில் மைக்கோபிளாஸ்மா அதற்கும் அசராமல் பழகிவிட்டது. தவிர, நம் ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது காசநோய்க்கான பரிசோதனை. அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு வாங்குவதில்லை.

மனிதரைவிடக் கால்நடைகள்தான் இந்தக் குடும்பத்திடம் அதிகம் பட்டிருக்கின்றன. முதன்முதலில் பிடிபட்டதும் மாட்டின் கிருமிதான்: நுரையீரலை அழுகவைத்து நெஞ்சில் நீர் கோக்கச் செய்யும் தொற்று நிமோனியாவின் காரணியை 1898-இல் பாரிசில் நொக்காரும் ரூவும் வளர்த்தார்கள். அதற்கு முன்பே, கிருமி எதுவென்று தெரியாத 1852-இல், பெல்ஜிய மருத்துவர் லூயி வில்லம்ஸ் நோயுற்ற மாட்டின் நுரையீரல் நீரை, நோய் வராமல் தடுக்க, நல்ல மாட்டின் வால் நுனியில் குத்தி ஏற்றினார். பல மாடுகளுக்கு வால் அழுகி விழுந்தது, ஆனால் உயிர் தப்பியது. வால் போனாலும் அந்த மனிதரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். இந்தியாவில் கடைசிக் காலத்தில் அசாம் பக்கம் ஒதுங்கியிருந்த இந்நோயிலிருந்து நாடு விடுபட்டதாக உலக விலங்கு நல அமைப்பு 2007-இல் அறிவித்தது. மாட்டு வெக்கை நோய் ஒழிந்த செய்தி பெற்ற கைதட்டலில் கால் பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

வெள்ளாட்டுக்கு வருவது வேறு இனம். கடும் வகை புகுந்தால் மந்தையில் பாதிக்கு மேல் சாகலாம். இன்னொரு இனம் மடியைத் தாக்கிப் பாலை வற்றவைக்கும், கண்ணைச் சிவக்கவைக்கும், மூட்டை வீங்கவைக்கும். ஆட்டுக்கொல்லி நோயும் சளியோடும் இருமலோடும்தான் வரும் என்பதால் பார்த்தமட்டில் பிரித்தறிவது கடினம். சந்தையில் வாங்கிய ஆட்டை உடனே மந்தையோடு சேர்க்காமல் சில வாரம் தள்ளிக் கட்டுவது எல்லா வகைக்கும் பொருந்தும்.

கோழியைப் பிடிப்பது மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம். இது மூச்சோடு பரவுவதுடன், தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அதனால் பெரிய பண்ணைகள் தாய்க்கோழிகளையே இரத்தம் எடுத்துச் சோதிக்கின்றன. பொதுவாக இக்குடும்பத்தில் ஒவ்வோர் இனமும் தன் விலங்கை விட்டு எளிதில் தாண்டாது. ஆட்டின் செருமல் பிள்ளைக்கு வராது. விலக்கும் உண்டு: 1994 வாக்கில் இந்தக் கோழிக் கிருமி அமெரிக்காவில் ஃபின்ச் என்ற சிறு குருவிக்குத் தாவி, அவற்றின் கண்களை வீங்கவைத்துக் குருடாக்கியது.

நீரிலும் உறவினர்கள் இருக்கிறார்கள். மீனின் செவுளில் வாழும் மைக்கோபிளாஸ்மா மொபைல், பரப்பில் வழுக்கி ஓடுவதில் தன் குடும்பத்திலேயே வேகக்காரன். சீனாவின் பண்ணை நண்டுகளைக் கால் நடுங்கவைத்துக் கொல்வது சுவரில்லாத மற்றொரு கிருமியான ஸ்பைரோபிளாஸ்மா. வட கடல்களில் சீல் வேட்டையாடுவோரின் கைக்காயத்தில் புகும் ஒரு மைக்கோபிளாஸ்மா விரல் மூட்டையே கெடுத்துவிடும். டெட்ராசைக்ளின் வருவதற்கு முன் விரலை வெட்டியெடுத்ததும் உண்டு.

பழவேற்காட்டில் சீல் இல்லை. இங்கே இறால் கொம்போ கெளுத்தி முள்ளோ குத்தி விரல் வீங்கினால் சந்தேகிக்க வேண்டியது சுவருள்ள வேறு கிருமிகளை. அவற்றில் உவர்நீர் விப்ரியோ மைக்கோபிளாஸ்மாவைப் போல வாரக்கணக்கில் நிதானமாக வேலை செய்வதில்லை. காலையில் முள் குத்திய கை மாலைக்குள் முழங்கை வரை வீங்கிச் சிவந்தால், விடியட்டும் என்று இராமல் அன்று இரவே பொன்னேரி மருத்துவமனைக்கு வண்டி ஏற வேண்டும்.