உடைந்த புல்லிக்கு மாற்றுப் புல்லி



மாரண்டஹள்ளி, பாலக்கோடு வட்டாரத்திலே கேழ்வரகு அரைக்கிற மாவு மில்லும் கரும்பு ஆட்டுகிற ஆலையும் எத்தனையோ வருஷமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இயந்திரம் தாத்தா காலத்தது. வார்ப்பிரும்பு லேசில் தேயாது. ஆனா புல்லி ஒரு நாள் கீறல் விடும், கம்பி உடையும், சாவிக்காடி தேஞ்சு ஆடும். கடையில் போய்க் கேட்டா, "இந்த மாடல் இப்ப வர்றதில்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள். அதற்காக முழு மெஷினையும் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட வேண்டியதில்லை. மாற்றுப் புல்லி செய்துகொள்ளலாம். அதற்குச் சில கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். புல்லியைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல புல்லி மணி மாதிரி ஒலிக்கும். கீறல் இருந்தா 'டப்' என்று செத்த சத்தம் வரும். சந்தேகமாக இருந்தா மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்குக்கட்டித் தூளைத் தூவி வையுங்கள். கீறலுக்குள் நின்ற எண்ணெய் கசிந்து கோடு காட்டிக்கொடுக்கும். அந்தக் கோட்டைச் சாதாரண வெல்டிங் ராடு வைத்து ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். வார்ப்பிரும்பில் அப்படி ஒட்டினா, ஒட்டிய இடத்துக்கு ஓரமாகவே மறுபடி விரியும். ஓடும்போது விரிந்தா என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வேகக் கணக்கு. ஓட்டுகிற புல்லியின் விட்டத்தை அதன் சுற்றால் பெருக்குங்கள். ஓடுகிற புல்லிக்கும் அதே பெருக்குத்தொகைதான் வரும். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதில் 4 அங்குலப் புல்லி, மில்லில் 12 அங்குலப் புல்லி என்றால் மில் 480 சுற்று ஓடும். பெல்ட் வழுக்குவதில் நூற்றுக்கு இரண்டு மூன்று குறையும், அவ்வளவுதான். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பழைய லிஸ்டர் மாதிரி ஆயில் இஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்றுதான். அதைத் தூக்கிவிட்டு மோட்டார் போடும்போது, இஞ்சினில் இருந்த அளவுப் புல்லியையே மோட்டாரிலும் மாட்டினால் ஆலை இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும். வார்ப்பிரும்புப் புல்லியின் விளிம்பு நிமிடத்துக்கு 5,000 அடிக்கு மேல் ஓடக்கூடாது என்பது பழைய பட்டறைக் கணக்கு. 14 அங்குலப் புல்லியை 1440 சுற்று மோட்டாரில் போட்டா அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதுவும் பழைய, கீறல் விழுந்த புல்லியாக இருந்தா, மில்லுக்குள்ளே வெடி வைத்த மாதிரிதான்.

இனி வார்ப்புக்கு வருவோம். பலரும் உடைந்த புல்லியையே ஒட்டி, வார்ப்படப் பட்டறையில் கொடுத்து, "இதே மாதிரி ஒண்ணு ஊத்திக் கொடுங்க" என்கிறார்கள். அதே மாதிரி வராது. உருகிய இரும்பு ஆறும்போது ஓர் அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அப்புறம் லேத்தில் கடையும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் போகும். 4 அங்குலப் புல்லி என்றால் விட்டத்தில் கால் அங்குலத்துக்கு மேல் குறைந்து, மில்லின் வேகம் நூற்றுக்கு ஏழு பங்கு இறங்கிவிடும். பெரிய புல்லியில் வேகம் அவ்வளவாக மாறாது. ஆனா விளிம்பின் கனம் மெலிந்துபோகும், அது இன்னும் மோசம். ஆகையால் மரத்தில் புது அச்சு செய்யச் சொல்லுங்கள். அடிக்கு ஒரு நூல் சுருக்கத்துக்கும், கடைகிற பக்கமெல்லாம் ஒரு நூல் கடைசலுக்கும் கூட்டி வைக்க வேண்டும். செலவு கொஞ்சம் ஆகும். ஆனா அந்த அச்சு உங்களிடமே இருக்கும், அடுத்த தடவை உதவும்.

வார்ப்புச் செலவு தாங்காது என்பவர்களுக்கு மரப்புல்லி இருக்கிறது. சிரிக்காதீர்கள்! ஒரு காலத்தில் பெரிய ஆலைகளிலேயே மரப்புல்லிதான் ஓடியது. தட்டை பெல்ட்டுக்கு மரம் நல்ல பிடிப்பு. பழைய வீடு பிரித்த தேக்கு உத்திரம், வேங்கை, பலா எதுவானாலும் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் கோணிக்கொள்ளும். ஒரே பலகையில் வட்டம் அறுக்க வேண்டாம், ஒரு கோடையிலேயே பிளந்துவிடும். ஆறு வில் துண்டுகளைச் சேர்த்து ஒரு வளையம், அப்படி மூன்று நான்கு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, திருகாணி போட்டு இறுக்க வேண்டும். செங்கல் கட்டுகிற மாதிரி ஒரு வளையத்தின் இணைப்பு அடுத்த வளையத்தின் நடுவில் விழட்டும். நனைந்தாலும் விடாத பிசினாக வாங்குங்கள். புல்லியை இரண்டு பாதியாகச் செய்தால் தண்டைக் கழற்றாமலே மாட்டலாம். துளை போடும்போது பாதிகளுக்கு நடுவே ஓர் அட்டை வைத்துத் துளையுங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டுப் போல்ட்டை முடுக்கினா தண்டைக் கவ்விக்கொள்ளும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மரப்புல்லி மெதுவாகச் சுற்றுகிற தண்டுக்குத்தான். மோட்டார் தண்டில் போடாதீர்கள்.

பெல்ட் அடிக்கடி நழுவுகிறதா? புல்லியின் முகத்தைத் தடவிப் பாருங்கள். தட்டை பெல்ட் எப்போதும் மேடான இடத்துக்கே ஏறும். அதனால் நடு மேடாக இருக்க வேண்டும். 6 அங்குல அகலத்துக்கு அரை நூல் மேடு போதும். தேய்ந்து நடுவில் குழிந்திருந்தால் பெல்ட் ஓரத்துக்கு ஓடிவிடும். ஓரத்தில் தடுப்பு வைத்துப் பயனில்லை, பெல்ட்தான் கிழியும். வி பெல்ட்டில் சங்கதி வேறு. அது பக்கங்களில்தான் உட்கார வேண்டும். காடியின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் அடியைத் தொடுகிறது, புல்லி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதில் புது பெல்ட் போடுவது வீண் செலவு. மூன்று பெல்ட் ஓடுகிற இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும் கூடாது. புதுசு ஒன்றே பாரம் முழுவதையும் இழுத்துச் சீக்கிரம் அறும்.

சாவி இரண்டு பக்கமும் இறுக்கமாக இருக்கட்டும். 1 அங்குலத் தண்டுக்கு 2 நூல் சதுரச் சாவி. தகரம் மடித்துச் செருகுவது அன்றைய பொழுதை ஓட்டத்தான். கடைந்து வந்த புல்லியை ஒரு தண்டில் கோத்து, மட்டம் பார்த்த இரண்டு கம்பிகள் மேல் உருட்டிவிடுங்கள். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றா அந்தப் பக்கம் கனம். அங்கே சிறிது துளைத்து எடுத்துச் சரி செய்யச் சொல்லுங்கள்.

புல்லியை மாட்டினதும் பெல்ட்டைச் சுற்றி வலைத் தடுப்பு போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். வேட்டி நுனி, தோள் துண்டு, மாவு வாங்க வருகிற பெண்களின் சேலை முந்தானை, இதெல்லாம் ஒரு நொடியில் உள்ளே போய்விடும். கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்கள் ஏராளம். அதற்காகவே 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் என்று ஒன்று வந்தது. உங்கள் மில்லுக்கு அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

லேத்துக்குப் போகிற அன்று பழைய புல்லி, சாவி, ஒரு துண்டு பெல்ட், தண்டின் அளவு, மோட்டார் தகட்டில் உள்ள சுற்று, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். புல்லியின் வாயில் அட்டையை வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதையும் மடியில் கட்டிக்கொள்ளுங்கள். தர்மபுரியிலோ ஓசூரிலோ கடைசல் வேலை தெரிந்தவருக்கு அது போதும்.