அந்நியரும் அமரும் பந்தி



1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கான மக்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. அவ்விரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மக்கள் அடியடியாக நகர்ந்தனர். ஒரு பானை, ஒரு பாய், குழந்தையின் பால்மா, காணி உறுதி என எடுக்க முடிந்ததை மட்டுமே ஒவ்வொருவரும் எடுத்திருந்தனர். எங்கள் ஊர் அண்ணாவியாரோ தமது சைக்கிள் கரியரில் மத்தளத்தைக் கட்டியிருந்தார். “அரிசி மூட்டை ஏத்திற இடத்தில மத்தளத்தை ஏத்திக்கொண்டு வாறீங்களே அண்ணை!” என்று பக்கத்தில் நடந்தவர் சினந்துகொண்டது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. அண்ணாவியார் மறுமொழி கூறவில்லை.

தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் தஞ்சம் புகுந்தோம். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள். இடையில் கட்டிய சேலைகளே சுவர்கள். நிவாரண அட்டையில் எங்கள் குடும்பம் ஓர் எண்ணாகியது. அவ்வாண்டு நத்தார் இரவில், திருப்பலி முடிந்த பின்னர், அந்த மத்தளம் ஒலித்தது. தேவசகாயம்பிள்ளை நாட்டுக்கூத்தின் சில காட்சிகளை அண்ணாவியார் மேடையேற்றினார். மேடை, பாடசாலை முற்றம். அரசனின் முடி, கடதாசி மட்டை. அயலிலிருந்த சைவக் குடும்பத்தினர் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொண்டுவந்து, எங்களோடு தரையில் அமர்ந்து உண்டு, கூத்து முடியும்வரை இருந்தனர். ஊரை விட்டு வந்தபின் என் தாயார் முதன்முதலாகச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். கிழங்கு இல்லாதிருந்தால் பசித்திருப்போம். கூத்து இல்லாதிருந்தால் நாம் யார் என்பதையே மறந்திருப்போம்.

ஆண்டுதோறும் யூன் 20ஆம் திகதியை உலக அகதிகள் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2001ஆம் ஆண்டு முதல் நினைவுகூருகின்றது. 1914ஆம் ஆண்டிலேயே இத்தகைய நினைவைத் தொடங்கிய நமது திரு அவை, குடிபெயர்ந்தோர், அகதிகளுக்கான உலக நாளை இப்போது வழமையாகச் செப்டெம்பர் மாத இறுதி ஞாயிறன்று கொண்டாடுகின்றது. “அகதிகளின் துயரத்தைக் கொண்டாடுவதா?” என்று சிலர் வினவுவதுண்டு. அவ்வினாவைத் திருமறையின் ஒளியில் சிந்திப்போம்.

திருவிழாவும் வயலோரமும்

இணைச்சட்ட நூலின் 16ஆம் அதிகாரம் இஸ்ரயேலரின் திருவிழாக்களைப் பற்றிக் கூறுகின்றது. வாரங்களின் விழாவிலும் கூடார விழாவிலும் மகிழ்ந்திருக்க வேண்டியவர் யார்? வீட்டுத் தலைவனும் பிள்ளைகளும் மட்டுமல்லர். பணியாளர், லேவியர், அநாதைகள், கைம்பெண்கள், ஊரில் தங்கியுள்ள அந்நியர் ஆகிய அனைவரும் அங்கே பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றனர். எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்ற நினைவே அதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றது. அந்நியருக்கு விழா முடிந்தபின் மிச்சத்தைக் கொடு என்று சட்டம் கூறவில்லை. விழாவிலேயே இடம் கொடு என்கின்றது.

அதேவேளை, லேவியர் நூலின் 23ஆம் அதிகாரத்தில் வாரங்களின் விழாவுக்குரிய விதிகள் முடிந்த உடனேயே வேறொரு கட்டளை வருகின்றது. அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமல் ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பதே அது. விழாவும் வயலோரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மோவாபிய நாட்டிலிருந்து வந்த ரூத்து அவ்வாறு விடப்பட்ட கதிர்களைப் பொறுக்கியே பிழைத்தாள். அந்த அந்நியப் பெண்ணின் வழித்தோன்றலே தாவீது. அவ்வழியில் வந்தவரே நம் ஆண்டவர். பிறந்த சில காலத்திலேயே எகிப்துக்குத் தப்பியோடிய குழந்தையும் அவரே (மத்தேயு 2:13-15).

மடுவின் பாடம்

இவ்வுண்மையை நமக்குக் கற்பிக்க வேறு நாட்டுக்குச் செல்லத் தேவையில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு இருபது குடும்பங்கள் காட்டுக்குள் சென்றதாக நமது மரபு கூறுகின்றது. அவர்கள் தரித்த இடமே மருதமடு. எனவே மடுத் திருவிழா தொடக்கத்திலேயே அகதிகளின் திருவிழாவாகும். 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஆயிரக்கணக்கானோர் அங்கு தஞ்சம் புகுந்தனர். 1999ஆம் ஆண்டு நவம்பரில் ஆலய வளாகத்தில் விழுந்த எறிகணைகளால் அவர்களுள் பலர் உயிரிழந்தனர். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் அன்னையின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில் மீண்டும் திரும்பியது. ஆவணித் திருவிழாவுக்கு வண்டி பிடித்துச் செல்லும் நாம், தம் மக்களோடு தாமும் இடம்பெயர்ந்த ஒரு தாயைக் காணவே செல்கின்றோம்.

ஒரு பாவ அறிக்கை

இங்கு என் தவறொன்றை மறைக்காமல் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பாகிஸ்தானில் துன்பத்துக்குள்ளாகி நமது நாட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றை நத்தார் காலத்தில் எங்கள் பங்குக்கு அழைத்தோம். மேடை அலங்கரித்தோம், பதாகை கட்டினோம். அவர்களுடைய பிள்ளைகள் தம் மொழியில் பாடினார்கள். நாங்கள் கைதட்டினோம். உலர் உணவுப் பொதிகளை ஒவ்வொன்றாக வழங்கிப் படமும் எடுத்துக்கொண்டோம்.

விடைபெறும்போது அவர்களுள் ஒரு தாய், ஆசிரியையாக இருந்தவர், தயக்கத்தோடு என்னிடம், “பாதர், எங்கள் பிள்ளைகள் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் நீங்கள் சாப்பிடப் போனீர்கள், நாங்கள் பொதியோடு பஸ்ஸுக்குப் போகிறோம்” என்றார். அவர் குறைகூறவில்லை, நடந்ததைச் சொன்னார். அப்படங்களைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டாம் என்றும் வேண்டினார். ஊரிலிருக்கும் உறவினருக்கு அதனால் தீங்கு நேரலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

அன்றிரவு 137ஆம் திருப்பாடலை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றவர்கள் யாழ்களை மரங்களில் தொங்கவிட்டு அழுகின்றனர். சிறைப்பிடித்தவர்களோ சீயோனின் பாடலொன்றைப் பாடுங்கள் என்று கேட்கின்றனர். பாடல் நல்லதுதான். கேட்டவர்கள் அவர்களோடு அமர்ந்து அழவுமில்லை, உண்ணவுமில்லை என்பதே அங்குள்ள குறை. நானும் அறியாமலே பாபிலோனியரின் இடத்தில் நின்றுவிட்டேன். தென்மராட்சியின் அயலவர்கள் எங்களுக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்யவில்லை.

நம் வாசலில் நிற்பவர்கள்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று நமது ஆலயங்களில் குருதி சிந்தப்பட்டபின், நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் பலர் அச்சுறுத்தல் காரணமாக அவ்வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது. அக்கொடுமைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவர்களே அவர்களுள் பெரும்பாலோர். ஒரு பகுதியினர் வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது அங்கும் எதிர்ப்புக் குரல் எழாமலில்லை. பூந்தோட்டம் நமது மக்களே ஆண்டுக்கணக்கில் முகாம் வாழ்வு வாழ்ந்த இடம் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

எனினும் வேறொரு காட்சியும் உண்டு. 2024ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், நத்தாருக்கு ஒரு வாரத்துக்கு முன், மியான்மாரிலிருந்து தப்பிய ரோகிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோருடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தது. அதில் சிறுவர்களும் இருந்தனர். 2009ஆம் ஆண்டில் நாம் அனைத்தையும் இழந்த அதே கரை. அங்குள்ள மக்கள் மதமோ மொழியோ கேளாமல் உணவும் நீரும் கொண்டு ஓடினர். எகிப்தை மறவாதவர்களின் செயல் அது.

நாம் செய்யக்கூடியவை

இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கைச்சாத்திடவில்லை. ஆகவே இங்கு வரும் அகதிகள் வேறொரு நாடு தம்மை ஏற்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். சட்டப்படி தொழில் செய்யவும் இயலாது. அவர்களுக்கு வீட்டு வாடகையும் பால்மாவும் மருந்தும் வேண்டும். வைத்தியசாலைக்குத் துணையாக வந்து மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும். வின்சென்ட் டி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் இளைஞர் ஒன்றியத்தினரும் தமக்குள் பகிர்ந்துகொண்டால் இவை பெரும் சுமைகளல்ல. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டுக்கான தமது செய்தியில் வரவேற்றல், பாதுகாத்தல், முன்னேற்றல், ஒன்றிணைத்தல் என்ற நான்கு பணிகளை நம்முன் வைத்தார். வரவேற்றலோடு நின்றுவிடுவது நான்கில் ஒரு பங்கே.

விழா எடுப்பதாயின் அவர்களையே கேட்டு எடுப்போம். என்ன பாடுவது, என்ன சமைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பொதி வழங்குவதாயின் மேடையில் அல்ல, வீட்டுக்குச் சென்று வழங்குவோம். படம் எடுக்குமுன் அனுமதி கேட்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பந்தியில் அமர்வோம்.

அடுத்த ஆண்டு நத்தாரில் அவ்வாறே செய்தோம். அந்த ஆசிரியையும் தோழியரும் பங்கு மண்டபத்துச் சமையலறையை ஏற்றுக்கொண்டனர். எங்கள் பங்குப் பெண்கள் வெங்காயம் உரித்துக் கொடுத்தனர். பதாகை இல்லை. உண்டு முடிந்தபின் ஒருவர் தோலக்கை மடியில் வைத்துத் தட்டத் தொடங்க, அவர்கள் பஞ்சாபி மொழியில் திருப்பாடல்களைப் பாடினார்கள். யாரும் கேட்டுப் பாடவில்லை, தாமாகவே பாடினார்கள். அந்தத் தோலக்கை எங்கே வாங்கினீர்கள் என்று வினவினேன். “வாங்கவில்லை பாதர், வரும்போது எடுத்து வந்தோம்” என்றார் அவர்.

சைக்கிள் கரியரில் மத்தளம் கட்டி வந்த எங்கள் அண்ணாவியார் அன்று கூறாத மறுமொழியை நான் அப்போது கேட்டேன்.

மருதமடு அன்னையே, எகிப்துக்குச் சென்ற பாதையை நீர் மறக்கவில்லை. நாங்கள் நடந்த பாதையை நாங்களும் மறவாதிருக்க எமக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.