கல்விச் சீட்டும் சிறுபான்மைப் பள்ளிகளும்: ஒரு சட்ட விளக்கம்

ஒரு பிள்ளையின் படிப்புக்கென அரசு ஒதுக்கும் தொகையைப் பள்ளிக்கு நேரே கொடுத்துவிடாமல், பிள்ளையின் பெயரால் ஒதுக்கி, பெற்றோர் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கின்றனரோ அந்தப் பள்ளிக்குச் செல்லுமாறு செய்வது ‘வவுச்சர்’ முறை எனப்படுகிறது. தமிழில் இதனைக் கல்விச் சீட்டு எனலாம். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்ட்டன் ஃபிரீட்மன் 1955ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றின் வாயிலாக இக்கருத்து பரவலாகப் பேசப்படலாயிற்று. அமெரிக்க மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் முன்மொழியப்பட்டபோது சட்டமியற்றுவோர் முன் ஒரு கேள்வி எழுந்தது: மக்களின் வரிப்பணம் ஒரு சமயத்தார் நடத்தும் பள்ளியைச் சென்றடைவது அரசியல் சட்டத்துக்கு உகந்ததா?

நம் நாட்டில் இப்பெயரால் நாடு தழுவிய சட்டம் ஏதுமில்லை. எனினும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு ஏறத்தாழ இதே பணியைச் செய்கிறது. அச்சட்டத்தின் மீது நடந்த வாதங்களும் வந்த தீர்ப்புகளும் சிறுபான்மைப் பள்ளிகளை நேரடியாகத் தொடுவன. தஞ்சை வட்டாரத்தில் நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகள் பல உண்டு. ஆதலின் இவ்விவாதத்தின் சாரத்தை ஈண்டு விளக்க விழைகிறோம்.

முதலில் அமெரிக்காவைக் காண்போம். விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 1990ஆம் ஆண்டில் கல்விச் சீட்டுத் திட்டம் தொடங்கியது. ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்து நகருக்கென இயற்றிய திட்டத்தில் 1999-2000 கல்வியாண்டில் பயனடைந்த மாணவருள் 100க்கு 96 பேர் சமயப் பள்ளிகளிலேயே சேர்ந்திருந்தனர். சமயத்துக்கு அரசு துணைபோகலாகாது என்னும் அவர்தம் அரசியல் சட்ட விதியை இது மீறுகிறது என வழக்கு எழுந்தது. 2002ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் திட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அரசு பணத்தைப் பெற்றோரின் விருப்பத்திற்கு விடுகிறது; சமயப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் பெற்றோரேயன்றி அரசன்று என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. ஆயினும் 2006ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநில உச்ச நீதிமன்றம் தன் மாநிலத் திட்டம் ஒன்றை வேறொரு காரணத்தால் தள்ளுபடி செய்தது. அனைவர்க்கும் ஒரே சீரான பொதுப்பள்ளி முறையை அமைக்குமாறு அம்மாநில அரசியல் சட்டம் விதித்திருக்க, அதற்கு மாற்றாக வேறொரு வழியை அரசுப் பணத்தில் நடத்துதல் கூடாது என்பதே அக்காரணம்.

‘பணம் யாருடையதாயிற்று?’ என்னும் இக்கேள்வி ஃபிக்ஹு கற்றோர்க்குப் புதிதன்று. ஸகாத் கொடுப்பதில் ‘தம்லீக்’, அதாவது பெறுபவரை உடைமையாளர் ஆக்குதல், வேண்டும் என்பர் நம் சட்ட அறிஞர்கள். திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் அறுபதாம் வசனத்தில் ‘ஃபுகரா’ என்னும் சொல்லின் முன் வரும் ‘லாம்’ எழுத்து உடைமையைக் குறிக்கிறது என்பது ஷாஃபிஈ அறிஞர்களின் விளக்கம். ஹனஃபீ அறிஞர்களோ ‘ஈதா’, அதாவது கொடுத்தல் என்னும் கட்டளையிலிருந்தே இதனை எடுப்பர். இதனால்தான் ஸகாத் பணத்தைக் கட்டடம் எழுப்பச் செலவிடுவதை அவர்கள் ஏற்பதில்லை. ஏழை மாணவரின் கையில் கொடுத்து உடைமையாக்கிவிட்டால், அவர் தம் விருப்பத்தின்படி அதனைக் கட்டணமாகச் செலுத்துவதில் தடையில்லை. கொடுத்தவரின் செயல் ஓரிடத்தில் முடிந்து, பெற்றவரின் செயல் அங்கே தொடங்குகிறது. கிளீவ்லாந்து வழக்கில் நீதிபதிகள் பிரித்துப் பார்த்ததும் இந்த இடத்தைத்தான்.

இந்தியாவில் இக்கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. முழுவதும் அரசுப் பணத்தில் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமயபோதனை கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 28(1) பிரிவு. உதவி மட்டும் பெறும் பள்ளிக்கு அத்தடை இல்லை. மாணவரை, அவர் சிறுவராயின் பெற்றோரை, கேளாமல் சமயபோதனையில் கட்டாயப்படுத்தலாகாது என்று 28(3) பிரிவு கூறுகிறது. சிறுபான்மையினர் நிர்வாகத்தில் உள்ளது என்பதற்காக ஒரு பள்ளிக்கு உதவி வழங்குவதில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 30(2). ஆகவே சமயத்தார் நடத்தும் பள்ளிக்கு அரசுப் பணம் செல்லலாமா என்பது இங்கே தீர்ந்துபோன வினா.

அதற்குத் தஞ்சையிலேயே பழைய முன்மாதிரி உண்டு. தஞ்சை ரெசிடெண்டு ஜான் சல்லிவனின் யோசனையின்படி மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகளை அமைத்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1787ஆம் ஆண்டில் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் வழங்க இசைந்தனர். 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை இத்தகைய உதவியை நாடெங்கும் ஒரு முறையாக ஆக்கியது. பள்ளி தரும் உலகியல் கல்விக்கே மானியம், அங்கு நடைபெறும் சமயபோதனை பற்றி அரசு வினவாது, ஆனால் மேற்பார்வைக்குப் பள்ளி உடன்பட வேண்டும் என்று அது வகுத்தது. பணத்தோடு நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. எனவே நம் நாட்டு விவாதம் முழுவதும் நிபந்தனையைப் பற்றியதாகவே அமைந்தது.

அவ்விவாதம் கூர்மையடைந்தது கேரளத்தில். 1957ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய கல்வி மசோதாவைக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958ஆம் ஆண்டு மே 22 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு தன் கருத்தை வழங்கியது. நிர்வாகம் செய்யும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வாகம் செய்யும் உரிமையாகாது. ஆதலின் உதவியுடன் நியாயமான நிபந்தனை விதிக்கலாம். ஆனால் உதவி வேண்டுமெனில் 30ஆம் பிரிவின் உரிமையையே விட்டுவிடு என்று கேட்கலாகாது. இதுவே அதன் சாரம். தொடக்க வகுப்புகளில் எப்பள்ளியும் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதியையும் அமர்வு ஆராய்ந்தது. இழக்கும் கட்டணத்தை ஈடுசெய்ய மசோதாவில் வழியில்லாதபோது, அவ்விதி சிறுபான்மைப் பள்ளியை இயங்கவொட்டாமல் செய்துவிடும் என்று கண்டது.

இனி நடப்புச் சட்டத்துக்கு வருவோம். 2002ஆம் ஆண்டில் 86ஆம் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. 2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 93ஆம் திருத்தம், தனியார் கல்விக்கூடங்களிலும் பின்தங்கிய மக்களுக்கு இடமளிக்கச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்களித்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையிலும் ஆகஸ்டில் மக்களவையிலும் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசு உதவி பெறாத தனியார் பள்ளி, தன் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை அக்கம்பக்கத்து நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசமாகக் கற்பிக்க வேண்டும். அரசு தன் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளியின் உண்மைக் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதனைத் திருப்பித் தரும்.

இச்சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கில் 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளுள் இருவர் சட்டம் செல்லும் என்றனர். உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தனர். நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் மாறுபட்டு, உதவி பெறாத எப்பள்ளியையும் இவ்வாறு கட்டாயப்படுத்தலாகாது என்றார். அவ்வாண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மதரஸாக்கள், வேத பாடசாலைகள், முதன்மையாகச் சமயக் கல்வி தரும் பிற நிறுவனங்கள் ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது எனத் தெளிவாக்கியது. 2014 மே 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ‘பிரமதி’ வழக்கில், உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 1 அன்று இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பின் சரித்தன்மையில் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வு அதனை ஆராய வேண்டுமா என்னும் வினாவைத் தலைமை நீதிபதியின் முன் வைத்தது. விலக்கு என்றென்றும் உறுதியானதென எண்ணிவிடலாகாது என்பதை வாசகர்கள் உணர்வார்களாக.

நிபந்தனை எல்லாமே சுமை என்று கருதுவோரும் உளர். அவர்கள் கும்பகோணத்தை நினைவுகூர வேண்டும். 2004 ஜூலை 16 அன்று அந்நகரின் ஒரு பள்ளிக் கட்டடத்தில் சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக் கூரையில் பற்றி 94 பிஞ்சுகள் மாண்டனர். உதவி பெறும் பள்ளியும் உதவி பெறாத பள்ளியும் அந்த ஒரே கட்டடத்தில் இயங்கின. அரசு மானியம் அங்கே சென்றது. பெற்றோர் தாமே தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளை அனுப்பினர். செல்லாதது மேற்பார்வை ஒன்றுதான். பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியதற்கு இவ்விபத்தே காரணமாயிற்று. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனைக்குச் சட்டத்தின் வலிமை உண்டு என்று வகுத்த நம் அறிஞர்களும், மார்க்கத்துக்கு மாறான நிபந்தனையையும் வக்ஃபின் நலனைக் கெடுக்கும் நிபந்தனையையும் தள்ளினர். ஒரு நிபந்தனை பிள்ளையைக் காக்கிறதா, பள்ளியின் இயல்பை அழிக்கிறதா என்று பார்த்தே அதனை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். தீத்தடுப்பு, உறுதியான கூரை, தகுதியுள்ள ஆசிரியர் ஆகியவற்றிலிருந்து விலக்குக் கேட்க எச்சமயத்தாருக்கும் நியாயம் இல்லை.

சட்டம் சரியாயினும் பணம் வராவிடில் என்னாகும் என்பதையும் தமிழகம் கண்டது. ஒன்றிய அரசு ‘பி.எம். ஸ்ரீ’ திட்டத்தையும் புதிய கல்விக் கொள்கையையும் காரணமாக்கி ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதியை நிறுத்திவைத்ததாகக் கூறி, மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2024-25ஆம் ஆண்டுக்கென அது கேட்ட தொகை சுமார் 2,151 கோடி ரூபாய். அவ்வாண்டு 25 விழுக்காட்டு இடங்களுக்கான சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவில்லை. ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்துக்குரிய நிதியைக் கல்விக் கொள்கையுடன் பிணைக்கத் தேவையில்லை என்றும், ஒன்றிய நிதி வரவில்லை என்பதைச் சொல்லி மாநிலம் பள்ளிகளுக்குத் தரவேண்டியதைத் தராமலிருக்கலாகாது என்றும் கூறியது. சேர்க்கை தொடங்க அக்டோபர் ஆயிற்று. இரண்டு அரசுகளின் வழக்கு முடியும்வரை ஐந்து வயதுப் பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை. 1958ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் எழுப்பிய ஈட்டுத்தொகைக் கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது.

இனி நம் பக்கம் நின்று ஒன்றைச் சிந்திப்போம். டெல்டாவின் ஒரு சிற்றூரில் நாற்று நட்டுக் கூலி பெறும் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அருகிலுள்ள நல்ல பள்ளி நம் சமுதாயத்தார் நடத்துவது. வேறு தனியார் பள்ளி அருகில் இருந்தால் சட்டம் அப்பிள்ளைக்கு அங்கே இலவச இடம் கேட்கும் உரிமையைத் தரும். நம் பள்ளியில் அவ்வுரிமை இல்லை. பிள்ளை முஸ்லிமாயினும் இல்லை. 30ஆம் பிரிவு நிறுவனத்தைக் காத்தது. அந்நிறுவனம் எந்தப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டதோ அவர்களுள் ஏழையானவர் வாயிலில் நிற்கிறார். விலக்கு தேவையே என்பது நம் கருத்து. அரசு மாறும்தோறும் நிர்வாகம் மாறாதிருக்க அது அரண். ஆனால் சட்டம் கேளாமல் விட்டதை மார்க்கம் கேளாமல் விடுவதில்லை.

அதற்கு வழி நம்மிடமே உண்டு. நம் பள்ளிகளின் நிர்வாகத்தார் தாமாகவே நான்கில் ஒரு பங்கு இடத்தைச் சுற்றுப்புற ஏழைப் பிள்ளைகளுக்கென அறிவிக்கலாம். ஸகாத் பெறத் தகுதியுள்ள முஸ்லிம் மாணவருக்கு அதனைத் தம்லீக் முறைப்படி வழங்கிக் கட்டணமாக்கலாம். பிற சமயப் பிள்ளைகளுக்கு ஸதக்கா நிதியும், வக்ஃபு செய்தவரின் நிபந்தனை இடந்தரும் அளவுக்கு வக்ஃபு வருவாயும் உண்டு. குறுவையும் சம்பாவும் அறுவடையாகும் நாடு இது. தானே பாய்ந்த நீரில் விளைந்ததில் பத்தில் ஒன்றும், செலவிட்டு இறைத்த நீரில் விளைந்ததில் இருபதில் ஒன்றும் ஏழைக்குரியவை என்பதை நம் நிலக்கிழார்கள் அறிவர். அதில் ஒரு பகுதி பள்ளிக்கூடத்து வாயில்வரை வந்து சேருமாயின், பெரிய அமர்வு நாளை எத்தீர்ப்பு அளித்தாலும் நாம் அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குமுன் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊரில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கட்டும்.