தொலைக்காட்சி எழுதும் கணக்கு

வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை எவரிடமும் கூறலாகாது என்பதை நம் வாடிக்கையாளர்கள் நன்கறிவர். ஆயினும், வரவேற்பறையில் உள்ள ஸ்மார்ட் டிவியும் நம்மைப் பற்றிய விவரங்களைத் திரட்டக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய தொலைக்காட்சிகள் பலவற்றில் 'ஏசிஆர்' எனப்படும் தானியங்கி உள்ளடக்க அறிதல் நுட்பம் அமைந்துள்ளது. திரையில் தோன்றும் படத்தின் சிறு கூறுகளை அது பதிந்து, எண்வடிவக் கைரேகையாக மாற்றி, தரவுத்தளத்துடன் ஒப்பிடுகிறது. செட்டாப் பாக்ஸ் வழியாக வரும் நிகழ்ச்சியையும் இதனால் அடையாளம் காண இயலும். மருத்துவம், கடன், வேலைவாய்ப்பு என ஒரு குடும்பம் அடிக்கடி பார்ப்பவற்றைக் கொண்டு அதன் தேவைகளையும் கவலைகளையும் ஊகிக்கலாம். விளம்பரதாரர்களுக்கு அது விலைமதிப்புள்ள செய்தியாகும்.

அமெரிக்காவின் விசியோ நிறுவனம் 1.1 கோடி தொலைக்காட்சிகளில் பயனரின் இசைவின்றி இவ்வாறு விவரம் திரட்டியதாக அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ள அந்நிறுவனம் உடன்பட்டது.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது தெளிவாகவும் கட்டாயமின்றியும் பெறப்பட வேண்டும் என்கிறது. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருத்தல் வேண்டும். இசைவு கோரும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பை இச்சட்டம் அளிக்கிறது.

சட்டம் துணைநின்றாலும், முதற்காவல் நம் கையிலேயே உள்ளது. புதிய தொலைக்காட்சியை முதன்முறை இயக்குகையில் தோன்றும் ஒப்புதல்களை அவசரமாக ஏற்றல் கூடாது. ஏற்கெனவே ஏற்றிருப்பின், அமைப்புகள் பகுதிக்குச் சென்று 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', 'லைவ் பிளஸ்' போன்ற பெயர்களில் உள்ள வசதியை அணைத்துவிடலாம். நிறுவனத்திற்கேற்பப் பெயர் மாறும். குரல்வழித் தேடல் தேவைப்படாவிடில் மைக்கையும் அணைத்து வைக்கலாம்.

கைப்பேசித் திரையைத் தொலைக்காட்சியில் காட்டும் வேளையில் வங்கிச் செயலியைத் திறத்தல் ஆகாது. அவ்வேளையில் வரும் ஓடிபி, அறையில் உள்ள அனைவர் கண்ணிலும் படும். பழைய தொலைக்காட்சியை விற்கும்முன் அனைத்துக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, 'ஃபேக்டரி ரீசெட்' செய்தல் இன்றியமையாதது. பண மோசடி நேர்ந்தால் தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றை ரிமோட்டைக் கொண்டு சில நிமிடங்களில் முடித்துவிடலாம். வீட்டினர் அனைவரும் கூடியிருக்கும் நாளில் இதனைச் செய்தால், இளையோரும் முதியோரும் ஒருங்கே அறிந்துகொள்வர்.